வலிக்காத காயம்: ராமநாதபுரம் கடற்கரை மீனவர் ஒருவரின் கால் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஒரு குடியிருப்பில், சர்க்கரை நோயுள்ள நாட்டுப்படகு மீனவர் ஒருவருக்கு வலது காலில் ஒரு சின்னக் குத்துக்காயம் பட்டது. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலைவரைக்கும் அது போய், கடைசியில் இரண்டு விரல்களோடு நின்றது. ஏன் அவ்வளவு தூரம் போனது, ஏன் அதோடு நின்றது, இரண்டுமே இந்தக் கரையில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களின் வீட்டாருக்கும் பயன்படும். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் அப்போது மருத்துவர்.

இதில் சர்க்கரை இல்லாத இன்னொரு மனிதரும் வருகிறார். அவருக்கு நடந்ததைச் சொல்லாமல் இவருக்கு நடந்ததைச் சொல்ல முடியாது.

பின்னணி

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சர்க்கரை இருப்பது தெரிந்து 11 ஆண்டுகள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரைகள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு அவை மாதாமாதம் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. வாங்கி வைப்பது மனைவி. வீட்டில் மாத்திரை தீர்ந்துபோய் இருந்ததே இல்லை.

ஆனால் கடலுக்குப் போகும் நாட்களில் அவர் மாத்திரை போடமாட்டார். விடியுமுன் கிளம்ப வேண்டும், சாப்பிட நேரமிருக்காது. ஒருமுறை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போய், வலை இழுக்கும்போது கிறுகிறுத்து, வேர்த்துக் கொட்டிப் படகிலேயே சரிந்திருக்கிறார். கூடப் போனவர் சீனி கரைத்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் கடலுக்குப் போகும் நாளில் மாத்திரை கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். இதை அலட்சியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழும். கரையிலிருந்து தொலைவில் அது உயிர்போகும் விஷயம். தன் அனுபவத்தை வைத்துத் தன்னால் முடிந்த சரியான முடிவை எடுத்திருந்தார். அந்தக் கணக்கை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. விளைவு, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் மருந்தே இல்லை.

இரண்டு ஆண்டுகளாகப் பாதம் மதமதப்பாக இருந்தது. பஞ்சில் நடப்பதுபோல இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு வீடு தாண்டிப் போயிருக்கிறார். வலி இல்லை என்பதால் இதற்காக அவர் எங்கேயும் போகவில்லை.

இந்தக் கரையில் காலுக்கு ஆபத்து எங்கும் இருக்கிறது. படகில் செருப்போடு ஏறுவது வழக்கமில்லை. ஆழமில்லாத இடத்தில் இறங்கிப் படகைத் தள்ளும்போது காலுக்கடியில் பவளப் பாறையும் சிப்பியும் இருக்கும். கரையேறினால் கொதிக்கும் மணல். வீட்டுக்குப் போகிற தடத்தில் சீமைக் கருவேல முள். உணர்ச்சி உள்ள கால் ஒவ்வொன்றுக்கும் துள்ளி விலகும். மரத்துப்போன கால் அப்படியே மிதிக்கும்.

அடுத்த தெருவில் ஒருவர். வயது 41. சர்க்கரை கிடையாது. பதினாறு வயதிலிருந்து பீடி. அவருக்குப் புகையிலையால் கை கால்களின் சிறிய ரத்தக் குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்ளும் பர்கர் நோய். கால்விரல் நுனி கருத்து, ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலி தாங்காமல் சீக்கிரமே மருத்துவமனைக்குப் போனார். விரலை எடுத்தார்கள். பீடியை விட முடியவில்லை. சில மாதத்தில் பாதி பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே கால். இந்த நிகழ்வுக்கு முந்தைய ஆண்டில் இது நடந்தது.

ஊர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. "சுகர் இல்லாதவனுக்கே காலை எடுத்துட்டாக. சுகர் உள்ளவன் போனா விட்டு வைப்பாகளா?" காலில் புண் வந்தால் மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருப்பதுதான் காலைக் காப்பாற்றும் வழி என்ற நம்பிக்கை அந்த இரண்டு தெருக்களிலும் வேர்பிடித்திருந்தது.

காயமும் வெந்நீரும்

கச்சான் காற்று வலுத்திருந்த நாட்கள். ஆழத்துக்குப் போக முடியாததால் கரையோரமாக நண்டு வலை போட்டிருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வலையை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்த பிறகு, மணலில் ரத்தத் தடம் இருப்பதைக் கூட இருந்தவர் காட்டினார். உள்ளங்காலில், இரண்டாவது மூன்றாவது விரல்களின் அடியில் ஒரு துளை. என்ன குத்தியது என்று அவருக்குத் தெரியாது. திருக்கை முள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே நம்பினார்கள்.

திருக்கை அடித்தால் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கைமருந்து வெந்நீர். அது சரியான முதலுதவியும்கூட. திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் செயலிழக்கும். ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ், அதாவது பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடுள்ள தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். பல தலைமுறை அனுபவம் இது, மருத்துவமும் ஏற்றுக்கொண்ட முறை.

"பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடு" என்பதை அளப்பது அந்தக் காலேதான். இவருடைய கால் அதை அளக்கும் நிலையில் இல்லை. மனைவி அண்டாவில் தண்ணீர் வைத்துக் காலை விடச் சொன்னார். "சூடு பத்தல, இன்னும் ஊத்து" என்று அவர் சொல்லச் சொல்ல மனைவி ஊற்றியிருக்கிறார். கைபட்டபோது தனக்குச் சுட்டது என்றும், கடல் வேலை செய்த காலாச்சே, தோல் தடித்திருக்கும் என்று நினைத்ததாகவும் பின்னால் சொன்னார். மறுநாள் காலையில் பாதம் முழுக்கக் கொப்புளம்.

இன்னொரு அறிகுறியும் அங்கேயே இருந்தது. திருக்கை அடித்த வலி பெரிய ஆட்களையே கதறவைக்கும். "திருக்கை அடிச்சிருந்தா ஊரையே கூட்டியிருப்பானே" என்று ஒரு பெரியவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். அடித்தது திருக்கையாக இல்லாமல் இருக்கலாம். திருக்கையே அடித்தும் அந்தக் காலுக்கு வலிக்காமல் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. குத்துக்காயம் பட்டும் வலிக்கவில்லை என்பதே அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டிய செய்தி.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கினார்கள். மூன்றாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். ஏழாம் நாள் வீட்டில் வாடை. எட்டாம் நாள் விரல் கருத்தது. ஒன்பதாம் நாள், தெருவுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் வாடையை வைத்தே விசாரித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

வந்தபோது பார்த்தது

காய்ச்சல் 102 டிகிரி. நாடி 118. ரத்த அழுத்தம் 100/60. ரத்தச் சர்க்கரை 412. தெளிவாகப் பேசினார், ஆனால் சோர்ந்திருந்தார்.

வலது பாதம் மேல்புறம்வரை வீங்கியிருந்தது. இரண்டாவது விரல் முழுக்கக் கருப்பு. உள்ளங்கால் துளையை அழுத்தினால் சீழ். வெந்த தோல் கணுக்காலுக்குக் கீழே நேர்கோடாக நின்றது, அண்டாவில் தண்ணீர் நின்ற மட்டம் அது. இந்த நேர்கோட்டைப் பார்த்த பிறகுதான் வெந்நீர் விஷயத்தைக் கேட்டோம்; அவர்களாகச் சொல்லவில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் இடது பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டுப் பார்த்ததில் ஓர் இடத்தில்தான் உணர்ந்தார். நல்ல கால் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த கால் அது.

அடுத்துப் பார்த்ததுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பாதத்தின் மேல்புறத் துடிப்பு வீக்கத்தால் சரியாகக் கிடைக்கவில்லை. உள்கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் துடிப்பு பலமாக இருந்தது. அதாவது பெரிய ரத்தக் குழாய் பாதம்வரை திறந்திருக்கிறது. விரல் கருத்ததற்குக் காரணம், தொற்று அந்த விரலின் சிறு குழாய்களை உறையவைத்தது. அடுத்த தெருக்காரருக்கு நேர் எதிர். அவருக்குத் தொற்று பெரிதாக இல்லை, ஆனால் ரத்தம் இறங்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே கருத்த விரல். ஒன்றில் சீழைத் திறந்துவிட்டால் மிச்சக் கால் பிழைக்கும். மற்றொன்றில் வெட்டிய இடமே ஆறுவது கடினம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். ஆழத்தில் சீழ் இருக்கும்போது ஊசி மருந்தை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. ஒரு ராத்திரியில் பாதத்தின் தசைநார் வழியாகக் கணுக்காலைத் தாண்டிவிடும். சலைன், இன்சுலின், தொற்றுக்கான ஊசி, டெட்டனஸ் ஊசி எல்லாம் ஆரம்பித்தோம். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினோம்.

சீட்டின் தலைப்பில் "கடல்நீரில் பட்ட காயம்" என்று பெரிதாக எழுதினோம். உப்புநீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு மிக வேகமாகப் பரவும். வழக்கமாகக் கால் புண்ணுக்குக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் அதற்குப் போதாது. டாக்ஸிசைக்ளின் போன்றவற்றையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஊருக்குள் இருக்கும் மருத்துவமனையில் பார்ப்பவருக்கு இது கடல் காயம் என்று நாம் எழுதினால்தான் தெரியும்.

அவர்கள் போகச் சம்மதிக்கவில்லை. மகன், மைத்துனர், மனைவி மூவரும் ஒரே பேச்சு: வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். மனைவி அழுதுகொண்டே, "அங்க போனா அவுகளுக்கும் காலை எடுத்துருவாக டாக்டரம்மா" என்றார். நாங்கள் சொன்ன எந்தப் புள்ளிவிவரமும் அங்கே எடுபடவில்லை, எடுபடாது. அவர்கள் கண்ணால் பார்த்த ஒரு கால் இருக்கிறது.

அப்போது மனைவியின் விரலைப் பிடித்துக் கணவரின் உள்கணுக்காலுக்குப் பின்னால் வைத்தேன். "இங்க துடிக்குதா, பாருங்கம்மா." சற்று நேரம் கழித்து, துடிக்கிறது என்றார். ரத்தம் இங்கேவரை வருகிறது, அடியில் சீழ் கட்டியிருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும், விரல் போகும், கால் நிற்க வாய்ப்பிருக்கிறது, நாளைக்கு வந்தால் இதே பேச்சை என்னால் பேச முடியாது என்று சொன்னேன். கால் கட்டாயம் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த தெருக்காரரிடம் மைத்துனர் ஃபோனில் கேட்டார். தனக்கு அந்த இடத்தில் துடிப்பே கிடைக்கவில்லை என்று டாக்டர்கள் சொன்னதை அவர் தானாகவே சொன்னார். அதன்பிறகு 108க்குச் சொன்னோம். இந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் அது வீணாகவில்லை.

அறுவையும் அதற்குப் பிறகும்

அன்றிரவே அறுவை நடந்தது. இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும், அவற்றோடு சேர்ந்த பாத எலும்புகளின் முன்பகுதியும் எடுக்கப்பட்டன. சீழ் பாதத்தின் நடுவரை போயிருந்தது. காலை எடுக்க நேரலாம் என்று அறுவைக்கு முன்பே குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உள்ளே திசுக்களில் ரத்தம் கசிவதைப் பார்த்து அறுவை மருத்துவர் அதைத் தவிர்த்தார். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி சுத்தம் செய்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2. சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. ஆனால் துணைக்கு இருந்த மகனின் கூலியும் சாப்பாட்டுச் செலவும் வீட்டில் நின்றுபோன வருமானமும் எந்தத் திட்டத்திலும் அடங்கவில்லை. ஒரு வலையை விற்றார்கள்.

மூன்றாவது வாரம் வீடு திரும்பினார். இதற்குப் பிறகுதான் கஷ்டமான காலம், ஊரில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கட்டுப் போடுவதைவிட முக்கியம் அந்தக் காலில் பாரம் படாமல் இருப்பது. வலி இல்லாத மனிதரை நடக்காதே என்று சொல்லி உட்காரவைப்பது எவ்வளவு கடினம் என்பதை மனைவி தினமும் பார்த்தார். இதற்கு உலகெங்கும் மேலானதாகக் கருதப்படும் முறை, பாதத்தின் வடிவத்தோடு ஒட்டிப் போடும் முழுக் கட்டு. தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற கால்களுக்காக வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதே வகை மாவுக்கட்டைப் பயன்படுத்தி, 1960களில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். நம் மண்ணில் பழகிய முறைதான். ஆனால் தொற்று அடங்கிய பிறகே போட முடியும், வியர்வையும் உப்புக்காற்றும் உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்க ஆளும் வேண்டும். இவருக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. ஊன்றுகோலும், எம்.சி.ஆர். அடித்தட்டில் காயம் படும் இடத்தைக் குடைந்த செருப்பும் கொடுத்தோம். எம்.சி.ஆர். என்ற அந்த நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோய்ச் சிகிச்சையிலிருந்து வந்ததுதான். காயம் மூட நாலரை மாதம் ஆனது.

மாத்திரையை மாற்றியமைத்தோம். கிளிமிபிரைடை நிறுத்தி, தாழ்சர்க்கரை கொண்டுவராத மருந்துக்கும், இரவில் கொஞ்சம் இன்சுலினுக்கும் மாறினார். கடலுக்குப் போகும் நாள், போகாத நாள் என்ற வேறுபாடே இப்போது இல்லை. எட்டாவது மாதம் எச்பிஏ1சி 7.9.

ஏழாவது மாதம் இடது காலில், பெருவிரலின் அடியில் தோல் தடித்து நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. வலது காலுக்குப் பதிலாக இடது கால் பாரம் சுமந்ததன் விளைவு. தடிப்பைச் சீவி எடுத்துச் செருப்பையும் திருத்தினோம், புண் ஆகவில்லை. இந்த ஒரு பரிசோதனைக்காகவே மற்ற எல்லாப் பரிசோதனைகளையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு காலில் விரல் போனவருக்கு அடுத்த ஆபத்து பெரும்பாலும் மறு காலில்தான்.

ஒரு காலுக்கு வெளியே

இரண்டு தெருக்களில் நடந்ததைப் பெரிய கணக்குகளோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்டில் கூடிய ஐரோப்பிய நாடுகள், சர்க்கரையால் கால் எடுப்பதை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்தன. அதற்குப் பின் பல நாடுகள் கணக்கெடுக்க ஆரம்பித்தன. அமெரிக்காவில் சர்க்கரை உள்ள பெரியவர்களில், விபத்தல்லாத காரணத்தால் கால் அல்லது விரல் எடுத்தது 2000இல் ஆயிரத்துக்கு 5.38. அது 2009இல் 3.07 வரை இறங்கி, 2015இல் மறுபடி 4.62க்கு ஏறியது. சர்க்கரை இல்லாதவர்களில் அதே 15 ஆண்டுகளில் 0.23இலிருந்து 0.18ஆகக் குறைந்துகொண்டே வந்தது. ஏறியது முக்கியமாக இளவயது, நடுவயதுக்காரர்களிடம். அதிலும் பெரும்பங்கு விரல், பாதம் அளவிலான அறுவைகள்.

இந்தக் கடைசிச் செய்தியை இரண்டு விதமாகப் படிக்கலாம். அதிகம் பேருக்குப் புண் முற்றுகிறது என்றும் படிக்கலாம், காலை எடுக்க வேண்டியிருந்தவர்களை விரலோடு நிறுத்துகிறார்கள் என்றும் படிக்கலாம். நம்முடைய மீனவர் எந்தப் பட்டியலிலும் "ஓர் உறுப்பு நீக்கம்" என்றுதான் பதிவாவார், அடுத்த தெருக்காரரும் அப்படியே. ஒருவர் நடக்கிறார், மற்றவர் காலை இழந்தார். விரலையும் காலையும் சேர்த்து எண்ணும் கணக்கு இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும்.

விகிதம் குறைந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை கூடலாம் என்பதும் உண்மை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று மதிப்பிட்டது, பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4. அடித்தளம் இவ்வளவு அகலமாகும்போது, ஒவ்வொரு காலும் முன்பைவிடப் பாதுகாப்பாக இருந்தால்கூட மொத்தத்தில் அதிகக் கால்கள் போகும்.

மாற்றியவை

நிலையத்தில் சர்க்கரைக்காக வருபவர்களை வரிசையில் நிற்கும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதம் பார்க்கிறோம். இழையால் தொடுவதும் துடிப்புப் பார்ப்பதும் சேர்ந்து ஐந்து நிமிடம் பிடிக்காது. செவிலியர்கள்தான் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள்.

தன்னார்வலர்கள் மாத்திரை கொடுக்கும்போது "எந்த நாள்ல போடுறதில்ல?" என்று கேட்கிறார்கள். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். முதல் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வருகிறது. அதில் தெரிந்தவர்களுக்கு மருந்தின் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருகிறோம்.

வெந்நீரை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் திருக்கை அடித்தவர்களுக்கு நாங்கள் தீங்கு செய்தவர்கள் ஆவோம். சர்க்கரை உள்ளவர் காலை வைக்குமுன் வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், காயம்பட்டவர் "சூடு பத்தல" என்றால் ஊற்றக் கூடாது, உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்கிறோம். பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் இது வேகமாகப் பரவியது. பவளப் பாறையில் கால் கிழிவது அவர்களுக்கு அன்றாடம்.

பதிவேட்டில் கால் புண்ணோடு வரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை உண்டா, பீடி உண்டா, துடிப்பு உண்டா, காயம் பட்டு எத்தனையாவது நாள் வந்தார், கடைசியில் விரலா காலா என்று எழுதுகிறோம். பீடி பிடிப்பவர்களுக்குச் சர்க்கரை இல்லையென்றாலும் துடிப்பைப் பார்த்து, கால் வலிக்கிறதா என்று கேட்கிறோம். பர்கர் நோயில் புகையிலையை அடியோடு விட்டால்தான் மிச்ச விரல்கள் நிற்கும். அடுத்த தெருக்காரர் இப்போது பீடியை விட்டுவிட்டார்.

இன்னும் தீராதது தண்ணீருக்குள் போடும் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு தரைக்கு நல்லது, ஈர மணலில் கழன்றுபோகும், உள்ளே மணல் சேர்ந்து உரசும். பழைய பிளாஸ்டிக் ஷூவில் மெத்தை வைத்துச் சிலருக்குத் தைத்துக் கொடுத்துப் பார்க்கிறோம். காய்ந்த பிறகு உப்பு படிந்து விளிம்பு கரகரப்பாகிவிடுகிறது, தினமும் நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். அவர் இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. மகன் படகில் போகிறார். அவர் கரையில் உட்கார்ந்து நண்டு கழிக்கிறார், வலை பொத்துகிறார். மாதம் ஒருமுறை மனைவியோடு வந்து இரண்டு காலையும் காட்டிவிட்டுப் போகிறார். துடிப்பு பார்ப்பது இப்போது மனைவிக்கே கைவந்துவிட்டது. தெருவில் மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்கிறார்.